ஊசிமுனை நிலமும் ஒலிபெருக்கியும்: திருத்தணி வட்டாரத்துப் பாரத விழா குறித்து

திருத்தணி மலையையும் அதன் 365 படிகளையும் பற்றி எழுதியோர் பலர். அம்மலையைச் சுற்றிக் கிடக்கும் சிற்றூர்களில், அறுவடை முடிந்து வயல்கள் தரிசாகக் கிடக்கும் கோடையில், திரௌபதி அம்மன் கோயில்களை மையமாகக் கொண்டு நிகழும் பாரத விழாவைப் பற்றி எழுதியோரும் உளர். இவ்விழா நடைபெறும் வடதமிழ்நாட்டுப் பரப்பை ஆராய்ந்து ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இலும் 1991இலும், ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இலும், ஹன்னே டி புருயின் 1999இலும் வெளியிட்ட ஆங்கில நூல்கள் ஆய்வாளரிடையே பெயர் பெற்றவை. வழிபாடு, வேடம், நடிப்பு, சடங்கு என்னும் முனைகளிலிருந்து அவர்கள் இதனை அணுகினர். எனக்கோ இவ்விழா காதின் வழியேதான் அறிமுகமாயிற்று. திறந்த வெளியில் ஓர் ஊர் முழுவதும் பங்குகொண்டு கேட்கும் ஒலி நாடகமாகவே இதனை மதிப்பிட விழைகிறேன்.

அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்ஃபும் நடத்துபவனுக்குப் பாரதக் கூத்தில் என்ன வேலை என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. வழிபாடு அவர்களுடையது, அதில் நமக்குப் பங்கில்லை, அதனை மறைத்து எழுதுவதும் நேர்மையன்று. ஆனால் ஒரு சமூகம் தன் இளைஞருக்கு நிலத்தைப் பற்றி என்ன சொல்கிறது, எவ்வாறு சொல்கிறது என்பது அச்சமூகத்துக்கு மட்டுமே உரிய வினா அன்று. என் மூத்த சகோதரியின் கணவர் முப்பது ஆண்டுகளாக அவ்வட்டாரத்தில் 'மைக் செட்' வாடகைக்குக் கொடுத்து வருபவர். திருமணமோ, கட்சிக் கூட்டமோ, மீலாது மேடையோ, பாரதமோ எதுவாயினும் அவருடைய ஒலிபெருக்கிகளே பேசும். 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவருடன் ஓர் ஊருக்குச் சென்று, விழாவின் சில பகல்களையும் சில இரவுகளையும் அங்கே கழித்தேன்.

அறியாதார் பொருட்டு விழாவின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். கொடியேற்றம் முதல் தருமர் பட்டாபிஷேகம் ஈறாக, ஊரின் வசதிக்கேற்பப் பத்து நாளோ பதினெட்டு நாளோ அதற்கு மேலுமோ விழா நீளும். பிற்பகலில் பாரதப் பிரசங்கம். இரவு முழுதும் கூத்து. பிரசங்கம் என்பது கதையைச் சொல்லியும் பாடியும் விளக்குவது. தமிழ்ப் பகுதிகளில் அதற்கு அடிப்படை வில்லிபுத்தூராரின் பாரதம். எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கம் தெலுங்கு அரிகதை. திருத்தணி வட்டாரத்தில் இரண்டுக்கும் செவியுண்டு. கேட்போர் இரு மொழியும் அறிந்தவராதலால், பிரசங்கியார் தமிழில் தொடங்கிய நகைச்சுவையைத் தெலுங்கில் முடிப்பார். சிரிப்பு ஒரே நேரத்தில் எழும்.

இரவில் கூத்தர் நடிக்கும் பகுதிகளுள் சில, கூத்து மேடையை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்துவிடும். பகாசூரனுக்குச் சோறு கொண்டுபோகும் வீமன் வண்டியேறித் தெருத்தெருவாக வருவான். அருச்சுனன் தவத்துக்கு ஊர்ப்புறத்தில் நெடிய மரம் நடப்படும்; வேடதாரி பாடிக்கொண்டே அதன் உச்சிக்கு ஏற, ஊரே கீழே அண்ணாந்து நிற்கும். இறுதியில் படுகளம். வெட்டவெளியில் ஈரமண்ணால் துரியோதனனின் உருவம் மல்லாந்து கிடக்குமாறு பல பத்து அடி நீளத்தில் சமைக்கப்படும். பதினெட்டாம் நாட் போர் அவ்வுருவத்தின் மேலும் அதனைச் சுற்றியுமே நிகழும். இங்கே பார்வையாளன் என்றொருவன் தனியாக இல்லை. தலைக்கட்டு வரி கொடுத்தவன், மண் சுமந்தவன், காப்புக் கட்டியவன், வண்டியின் பின்னே ஓடிய சிறுவன் எல்லாரும் நாடகத்துக்குள் இருப்பவர்களே.

காப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தீமிதிக்கு நேர்ந்துகொண்டு காப்புக் கட்டியவன் விழா முடியும்வரை இரவில் வேற்றூரில் தங்கலாகாது என்பது அவ்வூரார் கட்டுப்பாடு. சமய நம்பிக்கையை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் அக்கட்டுப்பாட்டின் விளைவு கவனிக்கத்தக்கது. திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் நாள்தோறும் பிரிந்து செல்லும் இளைஞர் கூட்டம், ஆண்டில் அந்தச் சில நாட்களிலேனும் ஊர் எல்லை எங்கே முடிகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது.

இனி ஒலிக்கு வருவோம். மைக் செட் கட்டும் வேலையை அதுவரை நான் உற்றுப் பார்த்ததில்லை. முதல் நாள் மாலை என் மச்சான் ஊரை ஒரு முறை சுற்றி நடந்தார்; புளியமரம், பள்ளிக்கூடத்து மாடி, ஏரிக்கரைப் பனை என்று குழாய்களைக் கட்ட இடம் குறித்தார். "மாப்ளே, வரைபடம் வரையிறவனுக்கு ஊரோட நீளம் அகலம்தான் தெரியும். எந்தச் சந்துல காத்து எப்படித் திரும்பும்னு எனக்குத் தெரியும்" என்றார். அது தற்பெருமை அன்று. காற்றுத் திசை மாறும் பின்னிரவில் ஏரிக்கரைக் குழாய் அடுத்த ஊருக்குப் பேசும் என்பதும், அவ்வூரார் படுக்கையிலிருந்தே கூத்தைக் கேட்பர் என்பதும் அவர் கணக்கில் இருந்தன.

அந்தக் கணக்கில் மற்றொன்றும் இருந்தது. ஊர்த் தெருக்களை நோக்கி ஐந்து குழாய்கள். காலனியை நோக்கி ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "கேக்கறவங்க சொல்ற எடத்துலதான் கட்டணும்" என்றார். பின்னர் பெரியவர் ஒருவர் வந்து, பள்ளிக்கூடத்து மாடிக் குழாயைச் சற்றே அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். உடன் வந்த இருவர் முகம் சுளித்தனர். குழாய் பாதி திரும்பி நின்றது. அவ்வூரில் காலனி மக்களிடம் தலைக்கட்டு வரி கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாமை சலுகை அன்று. வரி கொடுக்காதவன் வண்டி தன் தெருவுக்கு வரவில்லையே என்று கேட்க முடியாது. ஊரே பங்குகொள்ளும் நாடகம் என்று மேலே எழுதினேன். அச்சொல்லில் 'ஊர்' என்பது எதுவரை என்பதை அந்தப் பாதி திரும்பிய குழாய் எனக்குக் காட்டியது. இந்நாடகத்தைப் போற்றுவோர் பலரும் தொடாது செல்லும் இடம் இது. தொடாமல் எழுதப்படும் பாராட்டு அரைகுறையானது.

கிருஷ்ணன் தூது நாளன்று பிற்பகல் பிரசங்கத்துக்குச் சென்று அமர்ந்தேன். பந்தலில் நாற்பது பேர் இருக்கலாம். பெரும்பாலும் முதியோர், மூலையில் சிலர் உறங்கிக்கொண்டிருந்தனர். இளைஞர் என எண்ணத்தக்கோர் மூவரே. தூதின் கதை யாவரும் அறிந்தது. வனவாசம் முடித்துத் திரும்பியோர் தம் பங்கைக் கேட்கின்றனர். பாதி நாடு; அது இயலாதெனில் ஐந்து ஊர்; அதுவும் இயலாதெனில் ஐந்து வீடு என்று தமிழ்நாட்டுக் கதைசொல்லலில் கோரிக்கை படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். ஊசிமுனை குத்தும் அளவு நிலமும் தரேன் என்கிறான் அரியணையில் இருப்பவன். அந்த மறுமொழியிலிருந்தே பதினெட்டு நாட் போர் விளைகிறது.

பிரசங்கியாரின் குரல் அன்று சற்றுக் கம்மியிருந்தது. ஆயினும் இவ்விடத்தை அவர் கையாண்ட முறை நேர்த்தியானது. பாதி நாடு என்றபோது உரக்கப் பேசினார். ஐந்து ஊர் என்றபோது குரல் தாழ்ந்தது. ஐந்து வீடு என்றபோது ஒலிவாங்கியை விட்டு முகத்தைச் சற்றே அகற்றிக்கொண்டார். குழாய்களில் அச்சொல் ஏறக்குறையக் கேளாமலே போயிற்று. உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்தார். பேச்சு நின்றதால் விழித்தாரோ, ஐந்து வீடு என்னும் சொல் உறைத்ததால் விழித்தாரோ, அறியேன். பிறகு அவர் பங்கு, பாகப்பிரிவினை, பட்டா, சிட்டா என்று அவ்வூராரின் வழக்குமன்றச் சொற்களை எடுத்து அரசவைக்குள் வைத்தார். அண்ணன் தம்பி வரப்புத் தகராறு ஒன்றை, பெயர் சொல்லாமல், ஊரறிய இடையே செருகினார். முதியோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவரிடம் குறையும் உண்டு. திரைப்படப் பாட்டு மெட்டில் பக்திப் பாடல் பாடிக் கால்மணி நேரத்தை வீணாக்கினார். பெண்களைப் பற்றிய கேலிகள் மிகையாயின. ஆனால் நிலத்துக்கான வழக்கு என்பதே பாரதத்தின் முதுகெலும்பு என்பதை அவர் ஒருகணமும் மறக்கவில்லை.

இக்கதையை இந்த மண்ணில் கேட்பதற்குத் தனிப்பொருள் உண்டு. திருத்தணியே பங்கு கேட்டுப் பெற்ற ஊர். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது இத்தாலுகா சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் நின்றது. ம.பொ.சிவஞானம் தலைமையிலான தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார் போன்ற உள்ளூர்த் தமிழ்த் தொண்டர்களும் வடக்கெல்லைக் கிளர்ச்சியை நடத்தினர். பின்னர் நடுவராக அமைந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் பேசும் மொழியும் நிலத் தொடர்ச்சியும் நோக்கி எல்லையை வகுக்கும் முறையைக் கைக்கொண்டார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. ஊர் ஊராக எண்ணிப் பிரித்த வழக்கு அது. அந்நாளில் இளைஞராயிருந்தோர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். பந்தலில் அமர்ந்து, ஐந்து ஊர் என்ற சொல் வந்தபோது தலையசைத்தவர்களுள் அத்தகையோரும் இருந்தனர்.

இரவுக் கூத்தின்போது நிலைமை தலைகீழாயிற்று. பகலில் மூவர் இருந்த இடத்தில் இரவு முந்நூறு இளைஞர். முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் தோலக்கும் கலந்து எழ, கட்டை கட்டிய வேடங்கள் திரைக்குப் பின்னிருந்து வெளிப்பட்டபோது எழுந்த ஆரவாரம் கூத்தரின் பாட்டையே மூழ்கடித்தது. தூது நாடகத்தில் வாதம் மிகுதி. அவ்வாதத்தைக் கேட்போர் குறைவு. கட்டியங்காரனின் குத்தலுக்கும் துரியோதனனின் கிறுகிறுப்பு ஆட்டத்துக்குமே சீழ்க்கை பறந்தது. கூத்தர் திறத்தில் குறையில்லை. துரியோதன வேடம் புனைந்தவர் மூன்று மணி நேரம் குரல் உடையாமல் பாடினார். கேட்போர் திறமே குறைந்துவிட்டது என்பது என் முறையீடு. இளைஞர் வருவதே இல்லை என்று விழாக்குழுவினர் சொல்வது உண்மையன்று. அவர்கள் வருகின்றனர், பார்க்கின்றனர், கேட்பதில்லை.

நடிகரைக் காக்கப் பலர் முயன்றுள்ளனர். திருத்தணியிலிருந்து தொலைவில் இல்லாத காஞ்சிபுரத்தில் கலைஞர் பெ.ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். புஞ்சரசந்தாங்கலில் அவர்கள் நடத்திய குருகுலம் 2002 முதல் 2020 வரை சிறுவர் சிறுமியர்க்குப் பள்ளிக் கல்வியோடு கூத்தையும் கற்பித்தது. ஆடவர் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகள் பயிற்சி பெற்று இரவு முழுதும் ஆடியது அதன் அருஞ்செயல். ஆனால் கேட்பவனுக்குக் குருகுலம் உண்டா? அவனுக்கு அந்தப் பிற்பகல் பந்தலே குருகுலமாயிருந்தது. பகலில் வழக்கைக் கேட்டவன் இரவில் வழக்காடுவோரைக் கண்டான். அதிகாலையில் அவ்வழக்கின் தீர்ப்பு மண்ணில் கிடப்பதைக் கண்டான். முதற்படி உதிர்ந்துவிட்டால் மற்ற இரண்டும் காட்சியாக மட்டும் எஞ்சும்.

மேனாட்டில் கடந்த முப்பதாண்டுகளாக 'நடந்து கேட்கும் நாடகம்' என ஒன்று வளர்ந்து வருகிறது. கனடாவைச் சேர்ந்த ஜேனட் கார்டிஃப் 1991இல் காட்டு வழியொன்றில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு நடப்போர்க்கெனத் தம் முதல் ஒலிநடையை அமைத்தார். 1999இல் லண்டன் வைட்சாப்பல் நூலகத்திலிருந்து புறப்படும் மற்றொன்றை அமைத்தார். நடப்பவன் காதில் ஒரு குரல், இங்கே திரும்பு, அங்கே பார் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வரும். ஜெர்மானியக் குழுவான ரிமினி புரோட்டோகோல் 2005இல் கொல்கத்தாவில் நிகழ்த்திய 'கால் கட்டா' நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கொல்கத்தா அழைப்பு மையத்தின் இளம் பணியாளர்கள் கைப்பேசி வழியே பேசி, முதலில் தம் நகரத்தாரையே வடகொல்கத்தாத் தெருக்களில் நடத்தினர். பின்னர் அங்கிருந்தவாறே பெர்லின் நகரத்தாரைப் பெர்லின் தெருக்களில் நடத்தினர். தான் நேரில் காணாத நகரின் சந்து பொந்துகளைக் கொல்கத்தா இளைஞன் மனப்பாடமாக அறிந்திருந்தான். வேறெங்கோ உள்ள நிலத்துக்குத் தன் குரலை வாடகைக்கு விடும் ஒரு தலைமுறையை இதனினும் கூர்மையாகக் காட்ட இயலாது.

எனினும் இவ்வகை நாடகங்களில் குரல் ஒருவன் காதுக்குள் மட்டுமே ஒலிக்கிறது. பக்கத்தில் நடப்பவனுக்கு அது கேளாது. அவன் கால் பதியும் நிலத்தில் அவனுக்குப் பங்கும் இல்லை, பகையும் இல்லை. நடை முடிந்ததும் செவிப்பொறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம். பாரதப் பந்தலின் குழாய் அவ்வாறன்று. அண்ணன் கேட்கும் அதே நொடியில் தம்பியும் கேட்கிறான். வரப்பைத் தள்ளிப் போட்டவன் யார் என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் கேட்கிறார்கள் என்பது ஊருக்கும் தெரியும். ஒலி இங்கே சாட்சியாகிறது.

அரபு இலக்கியம் கற்பிப்பவனாதலால் என் மனம் வேறொரு பக்கமும் சென்றது. ஜாஹிலிய்யாக் காலக் கஸீதாக்கள் பல, கைவிடப்பட்ட கூடாரத் தடங்களின் முன் நிற்பதில் தொடங்குகின்றன. இம்ரவுல் கைஸ் தம் புகழ்பெற்ற கஸீதாவைத் தொடங்கும் ஏவல்வினை இருமையில் அமைந்தது: உடன் வரும் இரு தோழரை நிற்கச் சொல்கிறார். மாணவர்க்கு இருமை இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாக ஆண்டுதோறும் அதனைச் சொல்லிவருகிறேன். அவ்விலக்கணத்துக்குள் ஒரு நாடகம் இருப்பதை அப்பந்தலில்தான் உணர்ந்தேன். நிலத்தின் முன் தனித்து நின்று அழ அக்கவிஞர் விரும்பவில்லை. கேட்பவனும் நிற்க வேண்டும். அவன் காலடியிலும் அதே மணல் இருக்க வேண்டும். பின்னர் இடப்பெயர்கள் வரிசையாக வரும். அப்பெயர்களை அறியாதவனுக்கு அவை வெறும் ஓசை. அறிந்தவனுக்கு அவையே கவிதை.

நம்மிடையேயும் கேட்கும் மரபு இருந்தது. என் பாட்டனார் காலத்தில் இரவுகளில் சீறாப்புராணமும் படைப்போர்களும் கிஸ்ஸாக்களும் ஒருவர் ஓத மற்றவர் கேட்கும் வழக்கம் இருந்தது. பத்ருக் களத்தின் மணல்மேடுகளைக் காணாமலே அவற்றின் கிடக்கையை அறிந்தவர்கள் அம்முதியோர். இன்று நம் வீடுகளிலும் அப்புத்தகங்கள் உறைக்குள் உறங்குகின்றன. பிறர் பந்தலில் மூன்று இளைஞர் இருந்ததைக் குறை சொல்லும் தகுதி நமக்கு எவ்வளவு உண்டு என்பதையும் எண்ணிக்கொண்டேன்.

ஒலிபெருக்கியின் இரைச்சலை நான் மறந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விலக்களிக்கலாம். விடியும்வரை நீளும் கூத்துக்கு அவ்விலக்கும் போதாது. பாங்கு ஒலிபெருக்கி குறித்த வழக்குகளால் இவ்விதிகள் நம் வாசகருக்குப் புதியன அல்ல. நோயாளியும் தேர்வெழுதும் மாணவனும் உள்ள தெருவில் ஐந்து குழாய்கள் இரவெல்லாம் அலறத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் விடை. பிற்பகல் பிரசங்கத்துக்கு அச்சிக்கல் இல்லை. விதி தடுக்காத பொழுதில் கேட்க ஆளில்லை; ஆளிருக்கும் பொழுதை விதி தடுக்கிறது.

படுகளத்தன்று ஸுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு சென்றேன். ஏரிப்படுகையிலிருந்து இளைஞர்கள் டிராக்டரில் கொண்டுவந்த மண்ணால் உருவம் முன்னிரவே சமைக்கப்பட்டிருந்தது. உருவம் சமைத்தலைக் குறித்து நமது நிலைப்பாடு தெளிவானது. அதனை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் விமரிசகன் கண்ணுக்கு ஒன்று புலப்படாமல் போகாது. ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்றவனின் உடல் முழுவதும் நிலமாகவே கிடக்கிறது. மண்ணைத் தனக்கென்று வைத்துக்கொண்டவன் மண்ணாகி, தரமறுத்த அத்தனை பேரின் காலுக்கும் கீழே கிடக்கிறான். யாரோ ஒருவர் எழுதிவைத்த உத்தி அன்று இது. போர் முடிந்து, தொடை பிளந்து, செந்நீர் ஓடி, திரௌபதி வேடம் கூந்தல் முடித்த பிறகு, முதிய பெண்கள் சிலர் உருவத்தின் மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டனர். நெற்குதிரில் போட்டால் விளைச்சல் பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை. "குதிர் இருக்குதாம்மா?" என்று ஒருவரிடம் கேட்டேன். "எங்க பாய் இருக்குது? ரேஷன் அரிசி டப்பால போடுவேன்" என்றார்.

படுகளத்தைச் சுற்றி இளைஞர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து வட்டமாக நின்றிருந்தனர். முன்வரிசையில் நின்றோர்க்கும் திரையின் வழியேதான் போர் தெரிந்தது. அவர்கள் முதுகுக்குப் பின்னே, படுகளத்தின் கிழக்கெல்லையை ஒட்டி, வெள்ளையும் சிவப்பும் பூசிய மனைக்கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு உருவத்தின் தலையை மேற்கே தள்ளிச் சமைக்க வேண்டியிருக்கும் என்று குழுவினர் பேசிக்கொண்டனர். ஒருபுறம் ஊசிமுனை நிலத்துக்கான போர். மறுபுறம் சதுர அடிக் கணக்கில் நிலம். இரண்டையும் இணைத்துப் பேசக்கூடிய ஒருவர் பிரசங்கியார்தாம். அவரோ பிற்பகலில் நாற்பது பேருக்குப் பேசிவிட்டுப் போய்விட்டார்.

இவ்விடத்தில் செஞ்சிப் பகுதிக் கோயில்களில் காவல் நிற்கும் முத்தால் ராவுத்தரைப் பற்றிச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. ஹில்டெபெய்டல் இவரை விரிவாக ஆராய்ந்துள்ளார். ராவுத்தர் என்பது குதிரை வீரரைக் குறித்த பெயர். இவரை முஸ்லிம் என்றே அம்மரபு சொல்கிறது. திரௌபதியின் ஏவலராக, கோயிலுக்கு வெளியே இவருக்கு இடம். இவரைச் சமய நல்லிணக்கச் சின்னமாக மேடைகளில் போற்றுவோரோடு நான் உடன்படவில்லை. இவர் பெயரால் நிகழும் படையல்களை எந்த முஸ்லிமும் ஏற்க இயலாது. ஆயினும் இக்கதையைச் சமைத்த ஊரார், தம் நில வழக்கில் ராவுத்தனும் ஒரு பக்கம் நிற்பான் என எண்ணியிருக்கின்றனர் என்பது வரலாற்றுச் செய்தி. இன்று அவ்வூரில் அவன் குழாய் கட்டுகிறான்.

பிரசங்கப் பந்தலில் கண்ட மூன்று இளைஞருள் ஒருவன் காப்புக் கட்டியவன். இருபத்து மூன்று வயதிருக்கும். திருப்பெரும்புதூர்ப் பக்கம் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. அவன் மூத்த சகோதரி முன்பு நோக்கியா ஆலையில் பணியாற்றியவராம். 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை 2014இல் நின்றபோது ஊர் திரும்பியவர். இவன் இரவுப்பணியை மாற்றிக்கொண்டு விழாவுக்கு நிற்கிறான். பந்தலில் அவன் கைப்பேசியை ஒலிபெருக்கிப் பெட்டியருகே வைத்துவிட்டுச் சென்று அமர்ந்ததைக் கண்டு, என்ன செய்கிறாய் தம்பி என்று கேட்டிருந்தேன்.

"ரெக்கார்டு பண்றேன் பாய். கம்பெனி பஸ்ல கேட்டுக்கினே போவேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்."

"எல்லாவற்றையுமா?"

"தூது மட்டும் திரும்பத் திரும்பக் கேப்பேன். அவங்க அஞ்சு ஊரு கேட்டாங்க. எங்கப்பா எங்களுக்கு அஞ்சு சென்ட்டுகூட வெக்கல பாய். பஸ்ஸு எங்க நெலத்தத் தாண்டித்தான் போவும். கல்லு நட்டுட்டாங்க."

மேனாட்டார் பெரும்பொருட்செலவில் அமைக்கும் ஒலிநடையை இவ்விளைஞன் எவர் உதவியும் இன்றித் தனக்கென அமைத்துக்கொண்டிருந்தான். குரலும் உண்டு, வழியும் உண்டு, குரல் சுட்டும் நிலமும் சன்னலுக்கு வெளியே உண்டு. ஆயின் அவனுக்கும் அது காதுக்குள் ஒடுங்கிய குரலே. பக்கத்து இருக்கையில் உறங்குபவன் வேறோர் ஊரான்; அவனுக்கு அந்த மனைக்கற்கள் யாருடையவை என்பது தெரியாது. இவ்விழாவுக்கு நேர்ந்துள்ளது ஒருவகையில் இதுதான். கேட்போர் அடியோடு மறைந்துவிடவில்லை. பந்தலிலிருந்து பேருந்துக்குச் சிதறியிருக்கிறார்கள். சிதறிய செவிகளை மீண்டும் ஓரிடத்தில் அமர்த்தும் வழியை விழாக்குழுக்கள் தேடவேண்டும். தூதுப் பிரசங்கத்தையேனும் தொழிற்சாலை விடுமுறை நாளின் மாலைக்கு மாற்றலாம், படுகளத்திலேயே நிகழ்த்தலாம், காலனிக்கும் குழாய் கட்டி, அங்கிருந்தும் வரி கேட்கலாம். என் மச்சான் இதனைக் கேட்டுவிட்டு, "நீ சொன்னா யாரு கேப்பா மாப்ளே" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பின், அவ்விளைஞனிடம் கேட்டு அந்தப் பதிவைப் பெற்றேன். கைப்பேசிப் பதிவுதான், குழாயின் எதிரொலியும் காற்றும் கலந்தது. பிரசங்கியார் குரல் தாழ்ந்து ஐந்து ஊர் என்று சொல்லும் இடத்தில், அருகிலிருந்த ஒரு சிறுவன் குரல் குறுக்கிடுகிறது: "எந்த அஞ்சு ஊரு தாத்தா?" ஒரு முதியவர் இருமிவிட்டு, கதையில் உள்ள பெயர்களைச் சொல்லாமல், மெதுவாக எண்ணுகிறார்: "வேலஞ்சேரி, தாடூர், மத்தூர், முருக்கம்பட்டு, பூனிமாங்காடு."